'குடி' என்று எழுதி மூடிய சீட்டு

எலும்பு முறிவு வார்டில் நாலைந்து வருடம் வேலை பார்த்த சிஸ்டர்கள் மூன்றாம் நாள் ராத்திரியைக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். காலில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி தாங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் அன்று நடுராத்திரியில் வேறு ஆளாகிவிடுவார். தினமும் எவ்வளவு குடிப்பீர்கள், கடைசியாகக் குடித்தது எப்போது என்ற இரண்டு கேள்விகளை வார்டில் சேர்த்த அன்று அநேகமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் சித்தப்பாவுக்கு அது நடந்தது 2009-இல், தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில். லேத் பட்டறை வைத்திருந்தவர். பைக் மணலில் சறுக்கிக் கால் எலும்பு முறிந்து வந்து சேர்ந்தார். முதல் நாள் வலி. இரண்டாம் நாள் கை நடுங்கியது, பனியன் தொப்பலாக நனைந்தது. 'சித்திரை வெயில், வேர்க்கத்தானே செய்யும்' என்று விசிறிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து போர்வையிலிருந்து எறும்பு பொறுக்க ஆரம்பித்தார். எறும்பு ஒன்றுகூட இல்லை. பிறகு இரண்டு கையையும் நீட்டி, அங்கே இல்லாத சக்கரம் ஒன்றைச் சுற்றினார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இல்லாத இரும்பில் கடைசல் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். முப்பது வருடத் தொழிலைக் கை மறக்கவில்லை. தன்னைச் சுற்றி நின்ற எங்களைத்தான் அவருக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மா, "காத்து கருப்பு அடிச்சிருக்கு தாயி" என்றார். சித்தி திருநீறு எடுக்க ஓடினாள். கட்டுத் துணியால் அவர் கைகளைக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். ட்யூட்டி டாக்டர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், தூக்கம் கண்ணில் தொங்கியது. "குடிகாரர்தானே?" என்று கேட்டார், சித்தி தலையாட்டினாள். கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தை எழுதிவிட்டு, குளுக்கோஸ் ஒரு பாட்டில் போடச் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். எழுபது நோயாளிகளுக்கு ஒற்றை ஆளாக நின்றவர் அவர். அவர் மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை. அவர் எழுதிய வார்த்தையைத்தான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று நடந்ததை மருத்துவம் நூறு வருடத்துக்கு மேலாக அறியும். மது மூளையின் ஓட்டத்தை அடக்குகிறது. வருடக்கணக்கில் அடக்கப்பட்ட மூளை, அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கப் பழகிவிடுகிறது. பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கட்சி சட்டென்று கயிற்றை விட்டால் மறு கட்சி மல்லாக்க விழும். கால் முறிந்தவருக்கு மது திடீரென்று நின்றது, மூளை மல்லாக்க விழுந்தது. குடி நின்ற சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்துச் சிலருக்கு இந்தப் பிதற்றல் வரும். வைத்தியம் இல்லாத காலத்தில் பிதற்றல் நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று டயஸபாம், லோரஸபாம் போன்ற சாதாரண மருந்துகளை அளவறிந்து கொடுத்தால் அநேகரைக் காப்பாற்றிவிடலாம்.

இன்னொரு மருந்தும் உண்டு, அது வெறும் வைட்டமின். தயமின் என்கிற பி1. நம் பாட்டிமார் அதன் பெயர் தெரியாமலே அதைச் சோற்றில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நெல்லை வேக வைக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடும், அதனால்தான் புழுங்கல் அரிசிக்கு அந்தத் தெம்பு. குடிநோய் முற்றியவர் சோற்றைக் குறைத்துக்கொண்டே வருவார், சாப்பிடுகிற கொஞ்சத்திலிருந்தும் குடல் தயமினை உறிஞ்சாதபடி மது தடுக்கும். உடம்பின் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் துளித் தயமினும் செலவாகிப்போகும். கண் ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். இதை 1881-இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கி எழுதி வைத்தார். குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போட வேண்டும் என்பது மருத்துவ மாணவருக்கெல்லாம் தெரிந்த பாடம். நம் ஊரில் 'தெம்புக்கு ஒரு பாட்டில்' ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம் வருகிறது.

ஆக, அந்தக் கட்டிலில் படுத்திருந்தது ஒரு நோயாளி, நோய்கள் நாலு: முறிந்த கால், குடிநோய், குடி நின்றதால் வந்த சித்தப் பிரமை, வைட்டமின் பஞ்சம். கேஸ் ஷீட்டில் இருந்தது ஒரு வார்த்தை.

அந்த வார்த்தை எழுதப்பட்டதும் தேடல் நின்றுவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் வாய் குழறி விழுந்து கிடப்பவரிடம் சாராய வாடை அடித்தால், ஊரும் போலீஸும் சில சமயம் கேஷுவால்டியும் அவரைத் தெளியட்டும் என்று ஓரமாகக் கிடத்திவிடும். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் குடித்தவருக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கலாம். அதுவும் பார்க்கப் போதை மாதிரியே இருக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடிக்கடி விழுகிறவருக்கு மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம், அதற்கும் அதே குழறல், அதே தள்ளாட்டம். வாடை உண்மைதான். அந்த வாடை மற்ற நோய்களை மூடிவிடுகிறது என்பதும் உண்மை.

காரணம் என்ற கட்டம்

இதே தவறு தலைகீழாக நடந்த ஒரு கதை நம் நாட்டிலேயே உண்டு. 1893-இல் பிரிட்டிஷ் அரசு கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. கஞ்சாதான் இந்தியாவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளை நிரப்புகிறது என்று லண்டன் பாராளுமன்றம் வரை பேச்சு எழுந்திருந்தது. ஆதாரம் கேட்டால் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைக் காட்டினார்கள். கமிஷன் ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்தது, அந்தப் பதிவேடுகளையும் ஒவ்வொரு கேஸாகப் புரட்டியது.

அதில் வெளிவந்த விஷயம் வேடிக்கையானது. பதிவேட்டில் நோய்க்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. நோயாளியைக் கொண்டுவந்து விடுகிற போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். தெருவில் சுற்றிய அந்த ஆளின் முன்கதை போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? கஞ்சா என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. தோண்டிப் பார்த்தபோது அந்தக் கேஸ்களில் பெரும்பகுதி நிற்கவில்லை. 1894-இல் வந்த அறிக்கை, மிதமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கஞ்சாவால் மனநோய் வருவதில்லை என்றும், அளவு மீறினால், அதுவும் ஏற்கெனவே பலவீனமான மனத்தில், ஆபத்து உண்டு என்றும் சொன்னது. அறிக்கையின் பின்பாதியை வசதியாக மறந்துவிட்டு முன்பாதியை மட்டும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கஞ்சா மூலிகைதானே என்று வாதாடும் கல்லூரிப் பையன்களிடம் அதை நானே கேட்டிருக்கிறேன்.

பின்பாதியை நிறுவியது ஸ்வீடன். அங்கே 1969-70-இல் ராணுவத்தில் சேர்ந்த 45,570 இளைஞர்களிடம் கஞ்சாப் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து வைத்து, 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 50 தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல் ஆறு மடங்கு இருந்தது. 1987-இல் அது வெளியானபோது நிறையப் பேர் நம்பவில்லை. மனநோய் துளிர்க்கிறவர்கள்தான் கஞ்சாவைத் தேடிப் போகிறார்கள் என்று வாதிட்டார்கள். அந்த வாதத்திலும் சாரம் உண்டு. ஆனால் 2019-இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த பெரிய ஆய்வொன்று, வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனநோயின் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டது. புகைக்கிறவர்களில் அநேகருக்கு எதுவும் ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்பது முன்கூட்டித் தெரியாது. சித்தப்பா வழியில், மாமா வழியில் யாருக்காவது மனநோய் இருந்த வீடு என்றால், அந்த வீட்டுப் பையனுக்கு இது மற்றவர்களுக்குச் சமமான சூதாட்டம் இல்லை.

எது முதலில்?

மனநல மருத்துவரின் எதிரே உட்காரும் எல்லா அம்மாக்களும் இதைத்தான் கேட்கிறார்கள். "கஞ்சாவால இப்படி ஆச்சா டாக்டர், இப்படி ஆனதால கஞ்சா பக்கம் போனானா?" கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: இது அவன் குற்றமா, என் குற்றமா?

இரண்டு வழியும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கன்ட்ஸியன் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, போதையைப் பலர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற கருத்து வலுப்பெற்றது. கூட்டத்தில் வாய் திறக்க முடியாத பதற்றக்காரருக்கு ஒரு கட்டிங் தைரியம் தருகிறது. காதுக்குள் குரல் கேட்கிறவருக்குக் கொஞ்ச நேரம் குரல் அடங்குகிறது. பிரச்சினை என்னவென்றால் அந்த மருந்து கடன் கொடுத்தவன் மாதிரி: மறுநாள் காலையில் அதே பதற்றம் வட்டியோடு வந்து நிற்கும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றாகவும் இருக்கலாம். 1998-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் வெளியிட்ட ஆய்வு பெரியவர்களிடம் அவர்கள் பிள்ளைப்பிராயத்தைப் பற்றிக் கேட்டது. அடி, பாலியல் துன்புறுத்தல், குடிக்கிற அப்பா, அடிபடுகிற அம்மா என்று நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை கூடியிருந்தது. மகனின் சீட்டில் 'கஞ்சா' என்று எழுதுகிறோமே, அதற்கு முந்தைய பக்கத்தில் அப்பாவின் குவார்ட்டர் பாட்டில் இருந்திருக்கலாம்.

எத்தனை பேருக்கு இப்படி இரண்டும் சேர்ந்து வருகிறது? அமெரிக்காவில் இருபதாயிரம் பேருக்கு மேல் விசாரித்து 1990-இல் வெளியான ஆய்வில், மது அல்லாத போதை நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேல், 53 சதவிகிதம் பேருக்கு, இன்னொரு மனநோயும் இருந்தது. குடிநோயாளிகளில் அது 37 சதவிகிதம். சேர்ந்து வருவது விதிவிலக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த மருத்துவ உலகத்துக்கு அந்த எண் ஓர் உலுக்கல்.

மருத்துவர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு, அது பொறுமை சம்பந்தப்பட்டது. குடிப்பவரிடம் காணும் மனச்சோர்வு, குடியை நிறுத்திய இரண்டு முதல் நாலு வாரத்தில் பலருக்குத் தானே கலைந்துவிடும். ஒரு மாதம் கழித்தும் கலையாமல் நின்றால் அது தனி நோய், அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். இடைப்பட்ட அந்த நாலு வாரம்தான் கத்தி மேல் நடக்கிற காலம். தற்கொலை எண்ணம் இருக்கிறவரிடம் 'ஒரு மாசம் பார்ப்போம்' என்று சொல்லிவிட முடியாது. எது முதலில் என்று குடும்பம் ஆயுள் முழுக்க விவாதிக்கலாம். வைத்தியம் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

சந்தேகம்

நம் வீடுகளில் பெயர் இல்லாமலே உலவுகிற ஒரு நோயைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. "அவருக்குச் சந்தேகம் ஜாஸ்தி" என்று பெண்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வார்கள். பால்காரரிடம் சிரித்தது தப்பு, செல்போனைக் கவிழ்த்து வைத்தது தப்பு, குளித்துவிட்டு வந்தது தப்பு. கதவுத் தாழ்ப்பாளை முகர்ந்து பார்ப்பவர்கள் உண்டு. வேலைக்குப் போன மனைவியின் பின்னால் ஆட்டோவில் போகிறவர்கள் உண்டு. இதைக் குணம் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்கிறது. மனநல மருத்துவத்தில் இது ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ பெயரால் அழைக்கப்படும் பிரமை. நீண்டகாலக் குடியோடு சேர்ந்து வருவதில் இதற்குத் தனி இடம் உண்டு.

ஏன் குடியோடு? பல வருடக் குடி நரம்பையும் ஹார்மோனையும் கெடுத்து ஆண்மையைக் குறைக்கிறது. வாடைக்கும் வசவுக்கும் பயந்து மனைவி விலகிப் படுக்கிறாள். தன் உடம்பில் இருக்கும் காரணத்தை அவரால் பார்க்க முடியாது, அதனால் மூன்றாவது ஆள் ஒருவனைக் கற்பித்துக்கொள்கிறார். பிறகு நடக்கிற எல்லாமே சாட்சியாகிவிடுகிறது. மறுத்தால் மறைக்கிறாள், அழுதால் நடிக்கிறாள், சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டாள். சத்தியம் செய்து கொடுத்து, சாமி முன்னால் கற்பூரம் அணைத்துத் தீராது, ஏனென்றால் பிரமையை யுக்தியால் கலைக்க முடியாது. குடி நின்ற பிறகும் சந்தேகம் நிற்காமல் போகலாம். மனநோய் மருந்து தனியாகத் தேவைப்படும். மருத்துவர்கள் சில சமயம் மனைவியைத் தனியாக அழைத்து, கொஞ்ச காலம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்வார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து அது, உயிர் காக்கிற மருந்தும்கூட. இந்த விஷயத்தில் மட்டும் 'நோய்' என்ற சொல்லை நான் தயங்கித்தான் சொல்கிறேன். அடிப்பதற்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

வலி மாத்திரையும் இதய வால்வும்

கடந்த சில வருடங்களாகத் தமிழ்நாட்டுப் போலீஸ் செய்திகளில் அடிக்கடி வருவது வலி மாத்திரை. டபென்டடால் என்கிற மாத்திரை, ஆபரேஷன் வலிக்கும் கடும் வலிக்கும் எழுதிக் கொடுக்கப்படுவது, ஓபியம் குடும்பத்து வேலையைச் செய்வது. அதைப் பொடித்து, தண்ணீரிலோ சலைனிலோ கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். பிடிபடுகிறவர்களில் பலர் இருபதைத் தாண்டாத பையன்கள்.

மாத்திரை வயிற்றுக்காகச் செய்யப்பட்டது. அதில் மருந்து கொஞ்சம், மாவும் டால்க்கும் மிச்சம். அந்தப் பொடி ரத்தத்தில் கரையாது. நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய்த் தங்கி, அங்கே கட்டி கட்டியாகத் தழும்பு விழும். கையில் சீழ்க்கட்டி வரும், தவறி தமனியில் ஏறினால் விரல் கறுக்கும். ஊசி முனையில் ஏறிய கிருமி நரம்பு வழியே நேராக இதயத்தின் வலப்பக்க வால்வில் போய் உட்காரும். ஒரு வாரக் காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி என்று வரும் இருபது வயதுப் பையனுக்கு நிமோனியா என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். முழுக்கைச் சட்டையை மடித்துப் பார்த்தால்தான் மற்றது தெரியும். அம்மா பக்கத்தில் நிற்கும்போது அவனாகச் சொல்ல மாட்டான்.

ஊசியைப் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா மணிப்பூரில் பார்த்தது. நாட்டில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அது பாலுறவு வழி வந்த தொற்று. மூன்று, நான்கு வருடத்துக்குள் மணிப்பூரில் ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்களிடையே அது காட்டுத்தீயாகப் பரவியது. கூடவே பரவிய ஹெப்படைட்டிஸ் சி பற்றிப் பேச்சு குறைவு, காரணம் அது இருபது வருடம் சத்தமில்லாமல் ஈரலை அரித்துவிட்டுப் பிறகுதான் முகம் காட்டும். இன்று பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது அடியோடு குணமாகும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். போதையை முழுக்க விடாதவருக்கும் இந்த வைத்தியம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இருந்தும் "முதல்ல ஊசியை நிறுத்து, அப்புறம் ஈரலைப் பார்க்கலாம்" என்ற பதில் நின்றபாடில்லை.

மருந்துகளே ஒன்றோடொன்று மோதும் இடமும் உண்டு. ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவமனையில் கொடுக்கப்படும் மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுத்துக்கொண்டு ஒழுங்காக இருக்கிற ஒருவருக்குக் காசநோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஈரலை முடுக்கிவிட்டு அந்த மாற்று மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். அவருக்கு உடம்பு முறுக்கும், மூக்கில் நீர் வடியும், தூக்கம் போகும். "டி.பி. மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று அதை நிறுத்திவிடுவார், அல்லது பழைய நண்பனைத் தேடிப் போவார். மாற்று மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும் என்பது ஒரு வரித் தகவல்தான். காசநோய் டாக்டரும் போதை மீட்பு டாக்டரும் பேசிக்கொண்டால் அது பரிமாறப்பட்டிருக்கும்.

போதைப்பொருள் பட்டியலில் யாரும் சேர்க்காத பீடிக்கும் இதே கதை. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் புகைக்கிறவர்கள் மிக அதிகம். பழைய மனநல வார்டுகளில் மருந்து சாப்பிட்டால் ஒரு பீடி என்று பரிசாகவே கொடுத்திருக்கிறார்கள். புகையில் இருக்கும் பொருள்கள் க்ளோஸபின், ஓலன்ஸபின் போன்ற மருந்துகளை ஈரல் சீக்கிரம் அழிக்கும்படி செய்யும், அதனால் புகைப்பவருக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும். அவரே நெஞ்சுவலி வந்து இதய வார்டில் படுத்து, அங்கே பீடி கிடைக்காமல் போனால், அதே அளவு மாத்திரை ஒரே வாரத்தில் நஞ்சாகலாம். தீவிர மனநோயாளிகள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த மரணங்களில் பெரும்பாலானவை இதயம், நுரையீரல், தொற்று என்று உடம்பில் வரும் நோய்களால்.

"முதல்ல குடியை விட்டுட்டு வாங்க"

ஒரே ஆளின் இந்த நோய்களை அரசு பல கட்டடங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மறுவாழ்வு இல்லங்களுக்கு நிதி தருவது மத்திய சமூக நீதி அமைச்சகம். மருத்துவமனை போதை மீட்புப் பிரிவு சுகாதார அமைச்சகத்துடையது. ஊசி போடுகிறவர்களுக்கான மாற்று மருந்து எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடம். மதுவை விற்கிற டாஸ்மாக், நம் மாநிலத்தில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நகைச்சுவை உணர்வு உள்ளவர்.

நோயாளி நடுவில் அலைகிறார். மனநலப் பிரிவில், "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." மறுவாழ்வு மையத்தில், "இது மென்டல் கேஸ், எங்களால முடியாது." 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள்களால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. சட்டத்தில் சுவர் இடிந்தது, வராந்தாவில் இடியவில்லை. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மதுவால் நோயுற்றவர்களில் 86 சதவிகிதம் பேர் எந்த வைத்தியமும் பெறவில்லை. 2019-இல் வெளியான இன்னொரு தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

மிச்சப் பேரின் குடும்பம் என்ன செய்கிறது? ராத்திரியில் வேன் வரவழைத்து, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போகிற 'மையங்களுக்கு'ப் பணம் கட்டுகிறது. மனநல மருத்துவர் எட்டிப் பார்க்காத அத்தகைய இடங்களில் மூன்றாம் நாள் ராத்திரி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிதற்றுகிறவரைத் திமிர் என்று அடித்து, அடியில் இறந்துபோன செய்திகள் நம் பத்திரிகைகளிலேயே வந்திருக்கின்றன. இன்னொரு வழி, பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருக்கும் விளம்பரம்: 'குடிப்பவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்.' அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் மருந்துக்கடையிலேயே டைசல்பிராம் மாத்திரை வாங்கிச் சாம்பாரில் கலக்கிறார்கள். 1948-இல் டென்மார்க்கில் குடிநோய்க்கென்று அறிமுகமான நல்ல மருந்துதான் அது. ஆனால் எடுத்துக்கொள்கிறவருக்குத் தெரிந்து, ஈரலும் இதயமும் மனநிலையும் சோதிக்கப்பட்ட பிறகே தரவேண்டியது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மனநோயின் விளிம்பில் இருப்பவரை அந்தப் பக்கம் தள்ளியும் விடலாம். சந்தேகப் பிரமை உள்ள கணவனின் சாம்பாரில் மனைவி உண்மையிலேயே மாத்திரை கலக்கும் வீட்டை யோசியுங்கள். அவருடைய பிரமைக்கு முதல் தடவையாக ஒரு நிஜ ஆதாரம் கிடைக்கிறது.

கொஞ்சம் நல்லதும் நடக்கிறது. தமிழக அரசு 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பையும் மனநலத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரத் தொடங்கியது. சரியான திசை. ராத்திரி ட்யூட்டிக்கு ஆள் இருக்கிறாரா, எலும்பு முறிவு வார்டிலிருந்து கூப்பிட்டால் வருவாரா என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, எந்த நேரத்திலும், இலவசமாகப் பேசலாம். ஆபரேஷனுக்குச் சேர்க்கிறபோது, டாக்டர் கேட்காவிட்டாலும், "இவர் தினம் குடிப்பார், கடைசியா நேத்து ராத்திரி" என்று நீங்களே வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சித்தி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். கால் நேரானது. தையல் பிரிக்க என்றைக்கு வரவேண்டும், எக்ஸ்ரே எப்போது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. குடியையும் அதோடு விட்டுவிட்டார், அல்லது குடித்துக்கொண்டிருந்ததையே மறந்துவிட்டார். வெர்னிக்கி எழுதிய நோய்க்குப் பின்னால் வருவதை கோர்சகோஃப் என்ற ரஷ்ய மருத்துவர் 1887-இல் எழுதினார்: பழைய நினைவு இருக்கும், புதிதாக எதுவும் தங்காது, இடைவெளிகளை மனம் கதை கட்டி நிரப்பிக்கொள்ளும். அது பொய் இல்லை. சொல்கிறவருக்கு அது நடந்தது.

போன முறை போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆனித் தேருக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்ததாகச் சொன்னார். வடம் பிடித்த இடம், கூட்டம், ரத வீதியில் வாங்கிய பலாச்சுளை, பழைய பட்டறை ஆள் ஒருவரைப் பார்த்துப் பேசியது, எல்லாம் சொன்னார். அது தை மாதம். அந்தப் பட்டறை ஆள் இறந்து ஆறு வருடமாகிறது. உள்ளேயிருந்து சித்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். டம்ளரைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

"எப்பம்டே வந்த?"